யார் முகத்தை யார் படிப்பது?

பழைய கார்களைச் சரிசெய்வதில் பேர்போனவர் ஜான் எல்டர் ராபிசன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் நடத்திய பட்டறைக்கு ரோல்ஸ் ராய்ஸும் லேண்ட் ரோவரும் தேடி வரும். இளவயதில் ‘கிஸ்’ ராக் இசைக்குழுவுக்குத் தீயும் புகையும் கக்கும் கிட்டார்களைச் செய்துகொடுத்தவர். தனக்கு ஆட்டிசம் இருப்பது நாற்பது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. 2007இல் எழுதிய தன்வரலாற்றுக்கு ‘லுக் மீ இன் தி ஐ’ என்று பெயர் வைத்தார். சிறுவயதில் பெரியவர்கள் ஓயாமல் அவர் மீது போட்ட அதட்டல் அது: என் கண்ணைப் பார்த்துப் பேசு.

அடுத்த ஆண்டு, பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வுக்குத் தாமாகவே முன்வந்தார். தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையின் குறிப்பிட்ட இடத்தைத் தூண்டும் ‘டிஎம்எஸ்’ என்ற முறை. அதற்குப் பிறகு, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்தாலே அவருடைய மனநிலை தனக்குள் வந்து இறங்குவதுபோல் இருந்தது என்கிறார். முகங்களைப் படிக்க முடிந்தால் அன்பையும் இனிமையையும் பார்க்கலாம் என்று அதுவரை எண்ணியிருந்தவருக்குத் தென்பட்டதெல்லாம் பயமும் பொறாமையும் பதற்றமும். நண்பர்கள் என்று நம்பிய சிலர் தன்னைக் கேலிப்பொருளாக வைத்திருந்தார்கள் என்பது பழைய நினைவுகளைப் புரட்டியபோது உறைத்தது. மனைவிக்கு நாள்பட்ட மனச்சோர்வு. அவருடைய வாட்டம் தன்னை எட்டாதவரை ராபிசனால் கலகலப்பாக, கைத்தாங்கலாக இருக்க முடிந்தது. எட்டத் தொடங்கியதும் அவரும் சேர்ந்தே மூழ்கினார். திருமணம் முறிந்தது. நாளடைவில் அந்தக் கூர்மை பெருமளவு மங்கிவிட்டது. இதையெல்லாம் 2016இல் ‘ஸ்விட்ச்டு ஆன்’ என்ற நூலில் எழுதினார்.

இது தனி ஒருவரின் அனுபவம். டிஎம்எஸ் ஆட்டிசத்துக்கான மருந்து என்று இதைக் கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆனால் நாம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்றை அவர் கதை அசைத்துப் பார்க்கிறது. முகம் பார்த்து மனம் அறிவது மனிதருக்கான அடிப்படைத் தகுதி, அது வராதவர்தான் எப்பாடு பட்டாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

1943இல் லியோ கான்னர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரையிலேயே, உணர்வுத் தொடர்பில் உள்ள கோளாறு என்றுதான் ஆட்டிசம் அறிமுகமானது. அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பதில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சிரமம் இருக்கிறது என்று 1985இல் சைமன் பாரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் ஒரு பொம்மை விளையாட்டை வைத்துக் காட்டினார்கள். அதையொட்டி ‘மனக்குருடு’ என்ற கடுமையான உருவகம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. பெரியவர்களைச் சோதிக்க பாரன்-கோஹென் உருவாக்கியதுதான் கண்களைப் பார்த்து மனதைப் படிக்கும் சோதனை. 2001இல் திருத்திய வடிவம் வந்தது. உலகெங்கும் அதிகமாகப் பயன்படும் சோதனைகளில் ஒன்று.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பவருக்கு அதன் விசித்திரம் பிடிபட்டுவிடும். மொத்தம் 36 கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் புருவம் முதல் மூக்கின் நடுப்பகுதி வரை ஒரு நீளத் துண்டு மட்டும் இருக்கும். வாய் கிடையாது, கன்னம் கிடையாது. இந்த ஆள் யார், எங்கே நிற்கிறார், யாரிடம் பேசிக்கொண்டிருந்தார், எதுவும் தெரியாது. சுற்றிலும் நான்கு சொற்கள்: சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார், சந்தேகப்படுகிறார், மனம் தளர்ந்திருக்கிறார் என்கிற ரகம். ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். சரியான விடை எது என்று எப்படி முடிவு செய்தார்கள்? படங்கள் பத்திரிகைகளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. ஆய்வாளர்கள் ஒரு சொல்லைக் குறித்து, எட்டு நடுவர்களிடம் காட்டி, ஐந்து பேராவது ஒப்புக்கொண்டால் அதுவே விடை. படத்தில் இருப்பவர் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை, அவர் விளம்பரத்துக்கு நின்ற மாடலாகக்கூட இருக்கலாம், மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆக, இந்தச் சோதனை பெரும்பாலோர் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்களா என்று பார்க்கிறது. அதற்குப் பெயர் மனதைப் படிப்பது!

2001 ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சராசரியாக 21.9 மதிப்பெண் வாங்கினார்கள். பொதுமக்கள் 26.2. முதல் எண்ணைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது எண்தான் சுவாரசியம். ‘இயல்பானவர்’ என்று நாம் அழைக்கிறவரும் 36 கண்களில் ஏறத்தாழ பத்தைத் தவறாகப் படிக்கிறார். அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்துவதில்லை.

இப்படிச் சொல்வதால் ஆட்டிச நிலையாளர்களுக்குச் சிரமமே இல்லை என்று ஆகிவிடாது. உல்யாரெவிச், ஹாமில்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிரமம் உண்மைதான், ஆனால் மலையளவு இல்லை, நடுத்தரம். மகிழ்ச்சியைக் கண்டுகொள்வதில் பெரிய வேறுபாடு ஒன்றும் காணோம். பயம் போன்ற உணர்ச்சிகளில்தான் இடைவெளி கூடியது. ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் மாறவும் செய்தன. ஆட்டிசம் உள்ளவருக்கு முகமே புரியாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை.

ஏன் இந்த ஏற்ற இறக்கம் என்பதற்கு லண்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி பேர்டும் ரிச்சர்ட் குக்கும் சொன்ன விளக்கம் இங்கே பலருக்கும் தெரியாதது. ‘அலெக்ஸிதைமியா’ என்று ஒரு நிலை உண்டு. 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் வைத்த பெயர். தன் மனதில் எழுவது கோபமா, பயமா, வெறும் பசியா என்று தனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாத நிலை. நெஞ்சு படபடக்கும், எதற்கென்று பெயர் வைக்கத் தெரியாது. பொதுமக்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. ஆட்டிச நிலையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. 2013இல் அவர்கள் குழு செய்தது எளிய காரியம். இரண்டு தரப்பிலும் அலெக்ஸிதைமியாவைச் சமமாக வைத்துக்கொண்டு முகங்களைக் காட்டினார்கள். தடுமாற்றம் ஆட்டிசத்தோடு ஒட்டவில்லை, அலெக்ஸிதைமியாவோடுதான் ஒட்டியது. தன் உணர்ச்சிக்கே பெயர் தெரியாதவருக்கு அடுத்தவர் முகத்தில் இருப்பதற்குப் பெயர் சொல்வது கடினம் என்பதில் வியப்பில்லை. இதுவே முழுக்கதை என்றும் சொல்ல முடியாது. முகத்தின் அசைவைப் புள்ளிகளாக மட்டும் காட்டி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடந்த பிந்தைய ஆய்வு ஒன்றில், அலெக்ஸிதைமியாவைக் கழித்த பிறகும் கோபத்தைக் கண்டுகொள்வதில் மட்டும் வேறுபாடு எஞ்சியது. அன்றாட வாழ்வில் கோபத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டிலும் அலுவலகத்திலும் அடிபட்டவர்களுக்குத் தெரியும்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பலர் முகத்தைப் படிக்கத்தான் செய்கிறார்கள், வேறு வழியில். மற்றவர்களுக்குச் சட்டென்று தோன்றிவிடுவதை இவர்கள் விதிகளாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். வாயின் ஓரம் மேலே போனால் மகிழ்ச்சி, புருவம் நெரிந்தால் கோபம். கனடாவில் மெல் ரதர்ஃபோர்டின் குழு மிகையாக்கிய முகபாவங்களைக் காட்டி, எது நிஜமாகத் தெரிகிறது என்று கேட்டது. மற்றவர்கள் ‘இது ரொம்ப ஓவர்’ என்று ஒதுக்கியவற்றையும் ஆட்டிச நிலையாளர்கள் நம்பத்தக்கவை என்று ஏற்றுக்கொண்டார்கள். விதிப்படி பார்த்தால் அது சரியே. புன்னகை மகிழ்ச்சி என்றால் பெரிய புன்னகை பெரிய மகிழ்ச்சி. நம் டிவி சீரியல்களில் மாமியாரின் அதிர்ச்சியை மூன்று கோணத்தில் இடியோசையோடு காட்டுவார்களே, அந்த உலகத்தில் இவர்களுக்குச் சிரமமே இருக்காது. சிக்கல், அலுவலகத்தில் மேலாளரின் அரை நொடி உதட்டுச் சுழிப்புக்கு யாரும் பின்னணி இசை போடுவதில்லை என்பதுதான்.

விதிகளைச் சொல்லிக்கொடுத்தே சரிசெய்துவிடலாமா என்றும் முயன்று பார்த்துவிட்டார்கள். பாரன்-கோஹெனின் குழுவே ‘மைண்ட் ரீடிங்’ என்ற மென்பொருளைத் தயாரித்தது. மனித உணர்ச்சிகளை 412 என்று எண்ணி, 24 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடிகர்களைக் கொண்டு நடித்துக் காட்டியது. பத்துப் பதினைந்து வாரம் பழகிய பெரியவர்கள் அதில் உள்ள முகங்களை நன்றாகவே அடையாளம் கண்டார்கள். புதிய முகங்கள், புதிய சூழல் என்று தள்ளிப் போகப் போக அந்தத் தேர்ச்சி உடன்வரவில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவர் கதைதான்.

கண் விஷயத்தையும் பேசிவிடலாம். 2002இல் ஆமி க்ளின் குழு, எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் வாய்ச்சண்டை போடும் ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்’ படத்தைப் போட்டுவிட்டு, பார்ப்பவரின் விழி எங்கே நிற்கிறது என்று கருவி வைத்து அளந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் கண்களை மிகக் குறைவாகவும், வாயையும் பின்னால் இருந்த பொருட்களையும் கூடுதலாகவும் பார்த்தார்கள். இந்தச் செய்தி உலகம் சுற்றியது. அதே ஆய்வில் இருந்த இன்னொரு வரி அவ்வளவாகச் சுற்றவில்லை: அவர்களுக்குள்ளேயே, வாயை அதிகம் பார்த்தவர்கள் சமூக வாழ்வில் மேலான நிலையில் இருந்தார்கள். கண்ணில் கிடைக்காததை அவர்கள் பேச்சில் தேடிக்கொண்டார்கள் என்றே இதை நான் படிக்கிறேன். கண்ணைப் பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் என்ன ஆகிறது என்பதை 2017இல் நூஷின் ஹாஜிகானியின் குழு மூளைப் படம் எடுத்துப் பார்த்தது. உணர்வுக் கிளர்ச்சி தொடர்பான ஆழ்பகுதிகள் அளவுக்கு மீறித் துடித்தன. கண்ணைத் தவிர்ப்பது பலருக்கு அலட்சியம் அல்ல, தற்காப்பு. ஆனால் இந்தியாவில் ஆட்டிசத்தை மதிப்பிடப் பயன்படும் ‘ஐசா’ அளவுகோலின் 40 கூறுகளில் முதலாவதே கண்ணோடு கண் பார்க்கிறாரா என்பதுதான். மருத்துவ மதிப்பீட்டுக்கு அது தேவைப்படலாம். வீட்டிலும் பள்ளியிலும் அதையே ஒழுக்கத்தின் அளவுகோலாக ஆக்கிவிடுகிறோம்.

இதுவரை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தோம். மறுபக்கம் இருக்கிறது என்று சொன்னவர், தானும் ஆட்டிச நிலையாளரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன். 2012இல் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. இரண்டு பேருக்கு இடையில் புரிதல் அறுந்தால் ஒருவரை மட்டும் நோயாளி என்பது என்ன நியாயம்? ஆட்டிசம் உள்ளவர்களை மற்றவர்கள் எந்த அளவு புரிந்துகொள்கிறார்கள் என்று யாராவது சோதித்தீர்களா?

சோதித்தார்கள், பதில் சங்கடமாகவே இருந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் காட்டும் முகபாவங்களை மற்றவர்கள் படிக்கத் திணறினார்கள். 2017இல் அமெரிக்காவில் நோவா சாசன் குழு வெளியிட்ட ஆய்வை நேர்காணல் நடத்துகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிப் பதிவுகளை, யார் எவர் என்று சொல்லாமல், பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். இவரோடு பேசிப் பழக விரும்புவீர்களா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்தச் சில நொடிகளிலேயே மதிப்பு இறங்கிவிட்டது. படமாகப் பார்த்தாலும் குரலாகக் கேட்டாலும் அதே கதை. அவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த ஒதுக்கம் காணாமல் போனது. சொன்ன விஷயத்தில் குறையே இல்லை. முகமும் குரலும்தான் ஆளைக் கவிழ்த்தன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஆட்டிச நிலையாளர்கள் தங்களுக்குள் பேசும்போது எல்லாம் துலங்கிவிடுகிறது, கலந்து பேசும்போது மட்டும்தான் கெடுகிறது என்று ஒரு தரப்பு உற்சாகமாக எழுதுகிறது. எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு, ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்குக் கதை கடத்தும் சோதனையில் 2020இல் அப்படித்தான் கண்டது. அதே குழு கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்து 2025இல் வெளியிட்டபோது, கலந்த குழுவிலும் தகவல் குறையவில்லை. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. பேச்சில் சொன்ன தகவல் எந்தக் குழுவிலும் ஒழுங்காகவே கைமாறுகிறது. தடங்கல் வருவது சொல்லாமல் விட்டதில்.

சொல்லாமல் விடுவதில் நமக்கு இணை உண்டா? ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அறிக்கை இரண்டு நாள் தாமதம். மேலாளர் நிமிர்ந்து பார்க்காமலே ‘பரவால்ல, வெச்சிட்டுப் போங்க’ என்கிறார். முகம் கடுகு போட்டால் வெடிக்கும் நிலையில் இருக்கிறது. அறையில் உள்ள மற்ற நால்வருக்கும் விளங்கிவிட்டது. ஆட்டிசம் உள்ள ஊழியர் சொல்லை நம்புகிறார்; ‘நன்றி சார்’ என்று வைத்துவிட்டு வருகிறார். ஆண்டு மதிப்பீட்டில் ‘பொறுப்பில்லாதவர், எடுத்தெறிந்து நடக்கிறார்’ என்று பதிவாகிறது. இந்தக் காட்சியில் உண்மைக்கு மாறாகப் பேசியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் இதேதான். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்கவில்லையே என்று மூன்று நாள் பேசாமல் இருக்கிற குடும்பங்களில் ஆட்டிச நிலையாளர் ஒருவர் எப்படித்தான் வாழ்வார்?

குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று காதலர்க்கு. மற்றது அமைச்சியலில் வருவது: அரசன் வாய் திறக்குமுன் அவன் மனதை அறிவது அருகில் இருப்பவரின் திறமை. அந்தக் கால அரசவைக்கு அது சரி. கவனித்தால், படிக்க வேண்டியவர் எப்போதும் கீழே இருப்பவர்தான். மருமகள் மாமியார் முகத்தைப் படிக்க வேண்டும், கடைநிலை ஊழியர் அதிகாரி முகத்தைப் படிக்க வேண்டும். மேலே இருப்பவருக்குத் தன் முகத்தை விளக்கும் கடமை இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களின் ‘குறை’ இந்த ஏணிப்படியில்தான் பெரிதாகத் தெரிகிறது.

தொல்காப்பியம் இந்த விஷயத்தை அணுகும் விதம் வேறு. மெய்ப்பாட்டியல் நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்ன கையோடு, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களை அடுக்குகிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர். நான்காவது தம் அரசர். அலுவலகம் போகிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. உணர்ச்சியை அறியச் சூழலைப் பார் என்பது அதன் வழி. உளவியல் சுற்றி வளைத்து அந்தப் பக்கம்தான் வருகிறது. அடிப்படை உணர்ச்சிகள் ஆறு, அவற்றுக்கு உலகெங்கும் ஒரே முகம் என்று பால் எக்மன் அரை நூற்றாண்டுக்கு முன் நிறுவிய கொள்கையை லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சகாக்களும் 2019இல் விரிவாகச் சோதித்தார்கள். கோபத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 விழுக்காடு தருணங்களில்தான். மீதி நேரம் அழுகிறார், சிரிக்கிறார், கல்லாக இருக்கிறார். கோபமே இல்லாமலும் முகம் சுளிக்கிறது, யோசிக்கும்போது, வெயிலில் நிற்கும்போது.

முகமே இவ்வளவு நம்பகமற்றது என்று தெரிந்த பிறகும் அதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் ஆசை போகவில்லை. வீடியோ நேர்காணலில் முக அசைவை வைத்து மதிப்பெண் போட்டுவந்த அமெரிக்காவின் ஹையர்வியூ நிறுவனம் எதிர்ப்புக்குப் பின் 2021இல் அதைக் கைவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டும் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் சேவையை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் இத்தகைய கருவிகளுக்கு, மருத்துவம், பாதுகாப்பு தவிர, 2025 பிப்ரவரி முதல் தடை. நம் நாட்டிலோ 2021இல் லக்னோ காவல் துறை, பெண்களின் முகத்தில் பதற்றம் தெரிந்தால் தானாகவே எச்சரிக்கும் கேமராக்களை நிறுவப்போவதாகப் பெருமையோடு அறிவித்தது. இயல்பான முகம் எது என்று அந்தக் கேமராவுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்? முகம் எதையும் காட்டாத, அல்லது கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு சிரித்துவிடுகிற ஓர் ஆட்டிச நிலையாளரை அது எந்தப் பட்டியலில் சேர்க்கும்?

வேலைவாய்ப்புதான் இதில் வயிற்றில் அடிக்கும் இடம். பிரிட்டனில் வேலை செய்யும் வயதுள்ள ஆட்டிச நிலையாளர்களில் பத்தில் மூவருக்கே வேலை இருக்கிறது என்று 2024 பிப்ரவரியில் வந்த பக்லண்ட் அறிக்கை சொன்னது. அங்குள்ள ஜான் லூயிஸ் கடைத்தொடர், நேர்காணல் கேள்விகளை எல்லோரும் முன்கூட்டியே பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. பயிற்சி எடுத்த பசப்பு குறைந்து, வேலை தெரிந்தவர் யார் என்பது வெளிவரும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்தது. அரசுப் பணியிடங்களில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கும் சேர்த்து 1 விழுக்காடு ஒதுக்கியது. ஏற்ற வசதிகளைச் செய்துதருவது அரசு அலுவலகங்களின் கடமை என்றும் சொல்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்டால் இன்று யாரும் திமிர் என்று சொல்வதில்லை. ‘என் மேல் வருத்தமிருந்தால் எழுத்தில் சொல்லுங்கள்’ என்று ஓர் ஊழியர் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். நேர்காணல் கேள்விகளை முந்தைய நாளே எழுத்தில் கொடுப்பது, கண் பார்த்துப் பேசினாரா என்பதற்கும் முகமலர்ச்சிக்கும் மதிப்பெண் போடாமல் இருப்பது, வேலையில் சேர்ந்தபின் எதிர்பார்ப்பு, கெடு, அதிருப்தி மூன்றையும் மேலதிகாரி சொல்லாலோ மின்னஞ்சலாலோ தெரிவிப்பது. அதிகாரி தன் கோபத்தைக் கோபம் என்றே எழுத வேண்டி வந்தால், அதில் பாதி எழுதுவதற்கு முன்பே ஆறிவிடவும் கூடும். ஆட்டிசம் இல்லாத ஊழியர்களும் இந்தச் சுற்றறிக்கையை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.